விதி ஏழு

விதி ஏழை எழுதியவள் நான்தான்.
'இருவர் பாராமல் எதுவும் இணையக்கூடாது.'
போன சித்திரையில் யாரோ அவசரப்பட்டு இணைக்க
இரவு இரண்டு மணிக்கு நாலாயிரம் நோயாளருக்கு
'நீங்கள் வரவில்லை' என்று செய்தி போனது.
அந்த யாரோவும் நான்தான்.
விதியில் பெயர் போடுவதில்லை.

வெள்ளி இரவு. மறுநாள் போயா.
வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க அறை,
ரயில் போனால் கிளாசில் பிளேன்டீ நடுங்கும்.
ஒத்திகைச் செய்தி என் போனுக்கே வந்தது:
'நாளை கிளினிக். பயப்படவும் வேண்டாம்,
மருந்தை நிறுத்தவும்'

அவ்வளவுதான்.
குறுஞ்செய்தியில் எழுபதுக்கு மேல் இடமில்லை.
'நிறுத்தவும்' நமக்கு ஆறு எழுத்து,
இயந்திரத்துக்குப் பதினொன்று.
புள்ளிக்கும் விசிறிக்கும் தனித்தனி டிக்கெட் கிழிக்கிற
கண்டக்டர் அது.
எங்கள் நிரலோ மரியாதை தெரிந்தது,
சொல்லைப் பாதியில் உடைக்காது.
இடம் போதாவிட்டால்
கடைசிச் சொல்லை முழுதாக எடுத்துவிடும்.
கடைசிச் சொல் 'வேண்டாம்'.

காலை ஐந்துக்கு
முந்நூற்றுப் பன்னிரண்டு பேருக்குப் போகும்.

திசர தெனியாயவுக்குப் போய்விட்டான்,
அங்கே மழை பெய்தால் சிக்னலும் நனைந்துவிடும்.
ருஸ்னா தெமட்டகொடையில், தங்கையின் கல்யாண வீட்டில்,
போன் எந்தக் கைப்பையில் என்று அவளுக்கே தெரியாது.
விழித்திருந்தவன் ஹசிந்து ஒருவன்.
தமிழ் வாசிக்க வராது.
"அக்கா சரியென்றால் நான் பச்சையை அழுத்துறன்."

அழுத்தியிருந்தால்
விதி ஏழு கன்னம் சிவக்காமல் தூங்கியிருக்கும்.
வேண்டாம் என்றேன்.
வாசிக்காத கண்ணை இரண்டாவதாக எண்ணுவதைவிட
ஒற்றைக்கண்ணோடு போவது நேர்மை என்று பட்டது.
இன்றைக்கும் முழு நிச்சயமில்லை.

நிர்வாகி ஒருவருக்கு மட்டும் தெரிகிற
ஒரு சிவப்புப் பெட்டி உண்டு:
'விதியை மீறி இணைக்கவா?'
பயப்படுவதைப் பற்றிய பகுதியை வெட்டினேன்.
'நாளை கிளினிக். மருந்தை நிறுத்த வேண்டாம்.'
விரல்விட்டு எண்ணினேன், இருமுறை.
பதினொன்று நாற்பதுக்கு
என் பெயரில் ஒரு மீறல் பதிவானது.

திங்கள் திசர வந்தான்.
கோபமில்லை, அதுதான் கஷ்டம்.
"செய்தியைத் திருத்தினீங்கள், சரி.
ஐந்து மணி அனுப்புதலையே நிறுத்தியிருக்கலாமே?
அதற்கு ஒருத்தர் போதும். விதியிலும் இருக்கு."
இருந்தது. விதி மூன்று.
அதையும் நான்தான் எழுதியிருந்தேன்.

ருஸ்னா மருதாணிக் கையோடு திரையைக் கிட்ட இழுத்தாள்.
"முன்னால நோயாளியின் பெயர் வருதே, எண்ணினியா?"
இல்லை.
நீளப் பெயர்காரர் பதினொரு பேருக்கு
'மருந்தை நிறுத்த' என்று
அந்தரத்தில் நின்றிருக்கிறது.
"ஏன் வேண்டாம் வேண்டாம் என்று கட்டிப்பிடிக்கிறாய்?
'மருந்தைத் தொடரவும்' என்று போடு.
எங்க வெட்டினாலும் ஆளைக் கொல்லாது."

ஒரு சொல்.
அந்த ஒரு சொல்லுக்காகத்தான்
இரண்டாவது கண் என்று எழுதியிருந்தேன் போலும்,
எழுதும்போது தெரியாமல்.

பிறகு மத்தியானம் முழுக்க வாக்குவாதம்.
'அவசரமெனில் தவிர' என்று சேர்க்கச் சொன்னேன்.
"சேர்த்தால் ஒவ்வொரு வெள்ளியும் அவசரமாகும்" என்றான் திசர.
"சேர்க்காவிட்டால் அக்கா மறுபடி மீறுவா" என்றான் ஹசிந்து.
இரண்டும் உண்மை.
இரண்டையும் ஒரே வாக்கியத்தில் அடைக்க
எழுபது போதவில்லை, எழுநூறும் போதவில்லை.
விதியை அப்படியே விட்டோம்.
அடியில் ஒரு வெற்றுப் பட்டியல் திறந்தோம்:
மீறியவர், நேரம், தெரியாமல் போனது என்ன.
மூன்றாவது கட்டத்தை நிரப்ப
எனக்கு நெடுநேரமானது.

பதினொரு பேருக்கும் நானே போன் எடுத்தேன்.
பத்துப் பேர் மருந்தை நிறுத்தவில்லை.
பதினோராவது,
திருமதி சிவபாக்கியலட்சுமி பாலசுப்பிரமணியம், கொட்டாஞ்சேனை.

"மெசேஜா? வந்தது பிள்ளை.
கண்ணாடி உடைஞ்சு போச்சு, வாசிக்கேல்லை.
ஏன், நிறுத்தச் சொன்னனீங்களோ?"